விழுந்துகொண்டேயிருந்த சுவிச்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகத்தான் வந்தது: டக். மழை பொய்த்து, ஊரெங்கும் கரண்ட் வெட்டிய இரண்டாயிரத்தோராம் ஆண்டு, இலங்கையில் மாத்தளைப் பக்கம் யட்டவத்தையில் ஒரு வீட்டில் அது கேட்டது என்று வைத்துக்கொண்டேன். ‘இருள் கவிந்த அந்த மாலையில்...’ என்று தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். மூச்சுத் திணறுகிறவரை வைத்துக்கொண்டு மாலையை வர்ணிக்கலாமா?

2

திணறுகிறவர் கராம்பு வியாபாரி மர்சூக். மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷினை அவர் மனைவி கைறுன்னிஸா இன்வேட்டரில் போடும்போதெல்லாம் ட்ரிப் சுவிச் விழுந்தது. மாத்தளையிலிருந்து பழுது பார்க்க வந்த சிவலிங்கம் அதைத் தூக்கிவிட்டான். டக்.

(கரண்ட் எங்காவது கசிந்தால் விழுந்து ஆளைக் காப்பதே அதன் வேலை.)

“அந்த சுவிச்ச எடுத்துட்டு நேரா குடுங்க தம்பி! மனுசன் மூச்சு விட ஏலாம கிடக்காரு!”

சிவலிங்கத்தைத் துணிச்சல்காரனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஸ்க்ரூட்ரைவரை எடுத்தான், திரும்பப் பையில் போட்டான். நேராகக் கொடுப்பது நிமிஷ வேலை. மர்சூக்கின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“எல்லா ப்ளக்கையும் கழட்டுங்க அக்கா.”

தூக்கிவிட்ட சுவிச் விழாமல் நின்றது. கட்டிலுக்கு ஓடும் நீள வயரை மட்டும், மெஷின் இல்லாமல், மாட்டினான். டக். கழற்றிவிட்டு டோர்ச் அடித்தான். எலி கடித்துச் செம்பு தெரிந்த வயர், ஈரத் தரையில் கிடந்தது. பக்கத்திலேயே கைறுன்னிஸாவின் வெறுங்கால்.

அவன் வயரைச் சுருட்டி எடுத்தான். “வயர் வேணாங்க. மர்சூக் நானாவ இங்கிட்டுக் கொண்டு வருவோம்.”

இருவரும் தாங்கிப் பிடித்து மர்சூக்கை இன்வேட்டர் அருகே உட்காரவைத்தார்கள். மெஷின் இரைந்தது. சுவிச் விழவில்லை.

3

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கடைசி பஸ் போய்விட்டது. த்ரீவீலர் சந்தியில்தான் கிடைக்கும். யுத்த காலம், அங்கேதான் ஆமி நின்று சோதிக்கிறது. பை நிறைய வயரும் டேப்புமாக இருட்டில் நடந்துவரும் தமிழன்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குப் பயம்.)

“பைய வெச்சிட்டுப் போங்க,” என்றாள் கைறுன்னிஸா.

“பையில்லாம போனா, என்ன வேலையா வந்தேன்னு எப்படிங்க சொல்றது?”

மர்சூக் முகத்திலிருந்த மெஷின் மூடியைக் கழற்றினார். சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

“நானும்... சந்தி வரைக்கும் வாறன்.”

“உங்களால ஏலாது நானா!”

“நீங்க வாயத் தொறக்க வேணாம். நான்... சிங்களத்துல பேசுறன்.”

ஒரு முடிவில் சிப்பாய் சிரித்து வழிவிட்டான். இன்னொன்றில் சிரிக்கவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன். பாதை மேடு. வாசலில் நிற்கும் கைறுன்னிஸாவுக்கு இருவரும் தெரியவில்லை. கணவரின் மூச்சிழுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. நீங்களும் அவளோடு கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சத்தம் நின்றால், பேசத் தொடங்கிவிட்டார் என்று அவளுக்குச் சொல்வீர்களா?