கண்ணாடிப் பெட்டிக்குள் என் குரவை

எங்கள் சாய்ந்தமருதில் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை இருப்பார், அவருடைய மச்சான்மார் இருப்பார்கள், கூடியிருந்து சாப்பிட நடுவில் வைத்த சோற்றுச் சகன்கூட இருக்கும். பெண் மட்டும் இருக்கமாட்டாள். படம் பிடிக்கிறவர் ஆண் என்பதால் முன்வாசலோடு நின்றுவிடுவார். பெண்கள் பக்கம் சீலை கட்டி மறைத்திருக்கும்.

அந்தச் சீலைக்கு உள்ளே முதன்முதலில் கமராவோடு வந்தவள் றம்ஸியா. எண்பதாம் ஆண்டாக இருக்கவேண்டும். அவளுடைய புருஷன் கட்டாரிலிருந்து லீவில் வந்தார். மற்றவர்களெல்லாம் பெண்டாட்டிக்குத் துணியும் செண்ட் போத்தலும் கொண்டுவர, இவர் ஒரு கமராவைக் கொண்டுவந்து, பிள்ளை வளர்வதைப் படம் பிடித்து அனுப்பு என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரே பிள்ளையை எத்தனை தரம்தான் பிடிப்பது? அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்தாள். பிறகு சுன்னத்துக் கல்யாணம், பெருநாள் ஊஞ்சல் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனாள். நல்லாய் வந்ததும் உண்டு, தலை வெட்டுப்பட்டு வந்ததும் உண்டு. தலை இல்லாவிட்டாலும் சட்டையை வைத்து, இது நான்தான் என்று பத்திரப்படுத்தி வைத்தவர்கள் இருந்தார்கள்.

இனி கமீலாவின் கல்யாணத்துக்கு வருகிறேன். கமீலா என் சாச்சியின், உம்மாவின் தங்கச்சியின், மகள். அந்த நேரம் எனக்கும் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை மருதமுனை, பெயர் மசூர், அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கவேண்டும். என் வாப்பா அபூசாலி கரைவலைக்காரர். கடலில் கிடைத்ததையெல்லாம் கல்லும் சீமெந்துமாக்கி, எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. குசினிச் சன்னலைப் பெரிதாக வைக்கவேண்டும் என்று மேசன் அருளம்பலத்துக்கு வாப்பாவிடம் சொல்லி அனுப்பினவள் நான். வேறு எதிலும் வாய் வைக்கவில்லை, அந்தச் சன்னலைத் தவிர.

கமீலாவின் வீட்டில் அன்றைக்கு றம்ஸியாவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"புள்ளேய், என்னயும் ஒண்டு புடி. நான் மௌத்தானா ஊட்ட ஒரு படம் இல்ல" என்றார் ஒரு மாமி.

"மௌத்தாப் போற மூஞ்சியா மாமி இது? கொஞ்சம் சிரிங்க."

"சிரிச்சா பல்லில்லாதது தெரியுமே."

"அப்ப வாயப் பொத்திட்டுச் சிரிங்க. நான் கண்ண மட்டும் புடிக்கன்."

வெளியே வெடிச்சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது பெண்கள் குரவை இடவேண்டும். நாக்கை வாய்க்குள் இரண்டு பக்கமும் ஆட்டி, மூச்சு முறியாமல் எழுப்புகிற அந்தச் சத்தம் எல்லாருக்கும் வராது. எனக்கு வரும். நான் தொடங்கினால் மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள்.

"ஹாஜறா எங்க? தொடங்கு புள்ள, மாப்பிள வந்திட்டார்."

தொடங்கினேன். குரவை இடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். முக்காடு எப்போது தோளில் விழுந்தது என்று தெரியாது. மூடின கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. அது மட்டும் தெரிந்தது.

"ஹாஜறா, வசமா மாட்டினாய்" என்று றம்ஸியா சிரித்தாள்.

பிடிக்கிறவள் பெண், நிற்கிறவர்கள் பெண்கள், வாசலில் சீலை. எங்களுக்கு என்ன பயம்? அந்தப் படச்சுருளைக் கழுவுகிறவன் கல்முனையில் இருக்கிற ஓர் ஆண் என்பது அந்த வீட்டில் இருந்த ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. பிள்ளைகளின் படத்தையும் அவன்தான் கழுவினான். ஊஞ்சல் படத்தையும் அவன்தான் கழுவினான். அப்போதும் வரவில்லை. றம்ஸியாவின் மாமனார் கலந்தர் கடைத்தெருவுக்குப் போகும்போது சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாவரைக்கக் கொடுத்துவிடுகிறமாதிரிதான் கொடுத்துவிட்டோம்.

ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டவந்த ஒரு காலையில் சபியா உம்மா வந்தார். மசூரின் தாய். சொல்லாமல் கொள்ளாமல் மருதமுனையிலிருந்து கார் பிடித்து வந்திருந்தார். என் உம்மா பாய் விரித்துத் தேத்தண்ணிக்குச் சொன்னார். நான் அறைக்குள் கதவோரம் நின்றேன்.

"தேத்தண்ணி வேணாம் தங்கச்சி. ஹாஜறா எங்க?"

"உள்ளுக்கதான் இரிக்கா ராத்தா. கூப்பிடவா?"

"கூப்பிடாதீங்க. அவளப் பாத்திட்டுத்தான் வாறன். கல்முனைக் கடத்தெருவில."

"அவ இந்த வாசலத் தாண்டல்லயே."

"தாண்டாமலே நிக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னுக்கு, படக்கடக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. ஒரு பக்கம் சைக்கிள் ஓட்டத்தில கப் எடுத்தவன், மத்தப் பக்கம் உடுப்பில்லாம ஒரு கைக்குழந்த. நடுவில என்ட மருமகள். முக்காடு தோளில கிடக்கு, கண்ண மூடிட்டு வாயப் பொளந்திட்டு நிக்கா. நாக்குத் தெரியிது தங்கச்சி."

உம்மா தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "அது குரவ ராத்தா. கமீலாட கலியாணத்தில குரவ விடக்குள்ள றம்ஸியா புடிச்சது" என்றார்.

"சத்தம் கேட்டாத்தானே குரவ. படத்தில சத்தமா கேக்குது? மசூர் ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னால பஸ் ஏறுறான். கூட்டாளிமார் கேக்காங்களாம், மச்சான் உன்ட பொண்டாட்டிக்குப் பசியா, பல்லுக் கொதியா எண்டு."

"ஹாஜறாட வாப்பாவ அனுப்பி இப்பவே எடுப்பிக்கிறன்."

"எடுங்க. கண்ட கண்ணுகள எப்பிடி எடுக்கிற? நான் கோவமா வரல்ல. அவன் நாளைக்கு வாத்தியார். புள்ளைகள் பின்னால சிரிச்சா அவன் எப்பிடிப் படிச்சுக் குடுக்கிற? நீங்க வேற இடம் பாருங்க."

தேத்தண்ணி அப்படியே இருந்தது. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எனக்கு அந்த மாப்பிள்ளையும் வீடும் குசினிச் சன்னலும் இல்லாமல் போவதற்கு ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

வாப்பா அப்படியே சைக்கிளை எடுத்தார். படக்கடைக்காரனை அடித்துவிட்டு வருவார் என்று உம்மா பயந்தார். அடிக்கவில்லை. வந்து சொன்னதை நான் கேட்டேன். அந்த மனிதன் ஒரு மறுப்பும் சொல்லாமல் கண்ணாடியைத் திறந்து சட்டத்தோடு எடுத்துக் கொடுத்தானாம்.

"பிழையா நினைக்காதீங்க காக்கா. இந்தக் கடைக்கு வாற எல்லாரும் பலகை மாதிரித்தான் நிக்காங்க. உசிருள்ள படம் இது ஒண்டுதான் கிடச்சிது. பெருநாளைக்கு அழகா இரிக்கும் எண்டு பெரிசாக்கி வெச்சன்."

இப்படிச் சொன்னவன் கெட்டவனா? கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு ஏசுவதற்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

வாப்பா படத்தைச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நேரே குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

"வாப்பா, எனக்கு ஒருக்காக் காட்டுங்க."

"நீ என்னத்துக்குப் பாக்கிற? ஊர் பாத்தது போதும்."

"என்ட மூஞ்சிதானே வாப்பா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. உம்மா சட்டத்தைக் கழற்றினார். படத்தின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. வெள்ளைக் கடதாசி, ஒரு மூலையில் படக்கடையின் நீல முத்திரை. அடுப்புக்குள் போட்டதும் அது தானாகச் சுருண்டது, உள்பக்கமாக. எரிந்து முடியும்வரை முன்பக்கம் தெரியவே இல்லை.

அதே பகல் கலந்தர் மிச்சப் படங்களையும் சுருளையும் வாங்கிவந்து, றம்ஸியாவுக்கு முன்னால் உறையோடு வைத்துக் கிழித்தார். கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கமீலா மணப்பெண்ணாக இருந்த ஒரு படமும் மிஞ்சவில்லை. கடைத்தெருவில் போகிற வருகிற ஆண்களெல்லாம் என்னைப் பார்த்துவிட்டார்கள். படத்துக்கு நின்ற பெண்களில் ஒருத்திகூட ஒன்றையும் பார்க்கவில்லை. என்னையும் ஒன்று பிடி என்று றம்ஸியாவின் கையைப் பிடித்து இழுத்த அந்த மாமி, "நான் அண்டைக்கே சொன்னன், அது ஷைத்தான்ட கண்ணு" என்று வீடு வீடாகச் சொன்னார்.

றம்ஸியா ஒருநாள் பின்வேலியால் வந்தாள்.

"எனக்கு ஏசு ஹாஜறா. நல்லா ஏசு. நீயும் கதைக்காம இரிந்தா நான் எங்க போற?"

"உனக்கு ஏசி என்ன வரப்போகுது? அந்தப் படத்தில நான் எப்பிடி இரிந்தன்? அத மட்டும் சொல்லு."

"நான் எங்க கண்டன் புள்ள? உறையத் திறக்கவே மாமா விடல்ல."

இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வேறு என்ன செய்வது?

வீட்டு வேலை நிற்கவில்லை, வீடு தன்பாட்டில் வளர்ந்தது. கூரை போட்டார்கள், வெள்ளை அடித்தார்கள். என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் வந்திருந்தது. இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சபியா உம்மாவிடமிருந்து ஆள் வந்தது. மசூருக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டதாம். என் தங்கச்சி சரீபாவைக் கேட்டார்கள்.

"மூத்தவ இரிக்கக்குள்ளயா?" என்றார் வாப்பா.

"மூத்தவள ஆர் கேக்கிற?" என்றார் உம்மா. "ஊடு முடிஞ்சி கிடக்கு. வாத்தியார் மாப்பிள. இதயும் விட்டா ரெண்டும் நமக்கு முன்னால குந்திட்டு இரிக்கும்."

மசூர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். மசூர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை வேண்டாம் என்றபோதும் சொல்லவில்லை, என் தங்கச்சியைக் கேட்டபோதும் சொல்லவில்லை. அமைதியான பிள்ளை என்று ஊரில் நல்ல பெயர்.

என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். கேட்காவிட்டால் பாவமாம்.

"குசினிச் சன்னல் பெரிசு" என்றேன். "சரீபாக்கும் புகை ஒத்துக்காது. நல்லதுதானே."

சரீபா அன்றிலிருந்து என் பக்கம் பார்க்கவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. அவளிடமும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் படம் பிடிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. கட்டாரும் சவூதியுமாகப் போன பிள்ளைகளுக்குப் படம் அனுப்பவேண்டும் என்று பெண்கள் பக்கச் சீலையையும் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர் அதே கல்முனைக் கடைக்காரர். நரைத்த, மெலிந்த மனிதர். சபியா உம்மா சங்கிலியைச் சேலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, சங்கிலி விழுகுதா பாருங்க."

"விழுகுது உம்மா. எல்லாரும் கொஞ்சம் சிரிங்க. இப்பிடி வெறச்சி நிண்டா எப்பிடி? இந்த ஊர்லதான் ஒரு புள்ள குரவ விட்ட படம் முந்தி என்ட கைக்கு வந்திச்சி. அது மாதிரி ஒண்டு எனக்கு இன்னும் வாய்க்கல்ல."

நான் அவரிடமிருந்து இரண்டு முழத்தில் நின்றேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

சபியா உம்மாவுக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, தேன்போலச் சொன்னார்: "ஹாஜறா மகள், நீதானே கெட்டிக்காரி. பொண்ணுக்குப் பக்கத்தில வந்து ஒருக்கா விடு. படம் உசிரா வரும். முக்காட்ட மட்டும் இறுக்கிப் புடிச்சிக்க."

மூலையில் நின்ற றம்ஸியா தலையைக் குனிந்துகொண்டாள். மசூர் புதுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரீபா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் பார்த்தாள்.

போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். என் உம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கடைக்காரர் கமராவைக் கண்ணில் வைத்தார். மற்றப் பெண்கள் என் சத்தத்துக்குப் பின்னால் சேர்ந்துகொள்ள வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் கண்ணை நன்றாகத் திறந்து, வாயை மூடிக்கொண்டு, கமராவைப் பார்த்தேன். வெளிச்சம் அடித்தது.

"என்ன மகள், வாயே துறக்கல்ல?"

"என்னத்துக்கு மாமி?" என்றேன். "படத்தில சத்தமா கேக்கப்போகுது?"

யாரோ ஒருத்தி அவசரமாகக் குரவையைத் தொடங்கினாள். பாதியில் மூச்சு முறிந்துவிட்டது. நான் சேர்ந்துகொள்ளவில்லை.

பிறகு எனக்கு ஒலுவில் ஊரிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண்டாட்டியை இழந்த வியாபாரி, இரண்டு பிள்ளைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை. குரவை போடு என்று அவர் கேட்டதுமில்லை, போடாதே என்று சொன்னதுமில்லை.

அந்தப் படம் சரீபாவின் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. சங்கிலி நல்லாய் விழுந்திருக்கிறது. எல்லாரும் வாயைத் திறந்திருக்கிறார்கள், சபியா உம்மாவும்தான். சரீபாவின் பிள்ளைகள் சின்னவயதில் அதைக் காட்டிக் கேட்பார்கள்.

"பெரியம்மா, நீங்க மட்டும் ஏன் கோவமா நிக்கிறீங்க?"

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அங்கே சன்னல் பெரிது. கடல் காற்று நேரே உள்ளே வரும்.