சூனிக் கரடி

டுசல்டோர்ஃப் நகரில் மகாதேவி நடத்தும் தையல் கடைக்கு மார்கழிக் குளிரோடு ஒரு கம்பளிக் கோட்டு வந்தது. கொண்டுவந்தவர் லின்ட்னர் என்ற வயதான ஜெர்மன்காரர். இரண்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன அவருடைய மனைவி ஹன்னாவின் கோட்டு. மகளுக்கு அளவைக் குறைத்து, கிழிந்த லைனிங்கையும் மாற்றித் தரச் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை மகாதேவி லைனிங்கைப் பிரித்தாள். கீழ்மடிப்பில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. கோட்டுப் பையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்திருக்க வேண்டும். கத்தியை வைத்து ஒரு இழு இழுத்தாள். எதுவோ அறுபட்டது. மேசையில் ஒரு கல் கரடி உருண்டது.

கட்டைவிரல் நீளம்தான். கரும்பச்சைக் கல். வாயில் தொடங்கி விலாவின் நடுவரை நீலக்கல்லால் பதித்த ஓர் அம்பு. முதுகைச் சுற்றியிருந்த கயிறு அறுந்து, அதில் கட்டியிருந்த சின்னக் கல் அம்புமுனையும் ஓர் இறகும் தனியே கிடந்தன.

கூட வேலை செய்யும் ஜசிந்தா எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"ஐயோ அக்கா, தொடாதேங்கோ! கயிறு கட்டி, இறகு சொருகி... உது செய்வினைதான்."

"விசர்க்கதை கதையாதை. வெள்ளைக்காரர் ஆருக்குச் செய்வினை வைக்கப் போகினம்?"

அப்படிச் சொன்னாலும் அறுத்தது தன் கை என்பதால் மகாதேவிக்கு மனம் கேட்கவில்லை. சாமிப் படத்தடியில் இருந்த திருநீற்றைக் கிள்ளிக் கரடிக்குப் பூசினாள். நெற்றியில் பூசப் போனது வாயெல்லாம் அப்பிக்கொண்டது. அதை அப்படியே படத்தடியில் வைத்துவிட்டு லின்ட்னரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

கல் கரடி ஒன்று கிடைத்தது என்றாள். "சூனி... அது சூனி," என்றார் கிழவர். "இதோ வருகிறேன்."

பக்கத்தில் காதை நீட்டி நின்ற ஜசிந்தா நெஞ்சில் சிலுவை போட்டாள். "பாத்தியளே? சூனியமெண்டு அவரே சொல்லிப்போட்டார்!"

லின்ட்னர் தொப்பிகூடப் போடாமல் வந்து சேர்ந்தார். கரடியை உள்ளங்கையில் ஏந்தி, இஸ்திரி மேசைப் பக்கத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். அதன் வாயிலிருந்த வெள்ளைப் பொடியை வெகுநேரம் பார்த்தார்.

"உணவு கொடுத்தீர்களா?" என்று கேட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகாதேவி ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"உணவில்லை. எங்கள் கோயில் திருநீறு. ஏதோ கெட்ட மந்திரம் என்று பயந்து பூசிவிட்டேன். கயிற்றை அறுத்ததும் நான்தான்."

லின்ட்னர் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபோது கண் நனைந்திருந்தது. பிறகு அவராகவே பேசத் தொடங்கினார்.

சூனி என்பது அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் வாழும் பழங்குடி மக்களின் பெயர். அவரும் ஹன்னாவும் அங்கே போயிருந்தபோது, செதுக்கியவர் கையாலேயே இதை வாங்கினார்கள். கல்லில் கரடியின் திமில் முதலே இருந்ததென்றும், மிச்சத்தைத் தேய்த்து எடுத்தது மட்டும்தான் தன் வேலையென்றும் அந்த மனிதர் சொன்னாராம். வாயிலிருந்து நெஞ்சுக்குப் போகும் அம்பு மூச்சின் பாதை. கரடியின் பலம் அதில்தான். அதற்கு உணவாக இடைக்கிடை கொஞ்சம் சோளமாவு வைக்க வேண்டும். கரடிக்கு மேற்குத் திசை, நோய் தீர்ப்பது அதன் வேலை. மற்றத் திசைகளுக்கும் ஒவ்வொரு விலங்கு உண்டு. வானத்துக்குக் கழுகு, நிலத்துக்கடியில் அகழெலி.

"எங்களுக்கு மேற்கில் வருணன்," என்றாள் மகாதேவி. "ஆனால் அகழெலி காவல் நிற்கும் என்று நான் கேள்விப்பட்டதில்லை."

"ஹன்னாவுக்கு நுரையீரல் நோய்," என்றார் அவர். "மூச்சுத் திணறும்போதெல்லாம் இதைக் கைக்குள் வைத்திருப்பாள். கடைசியாக ஆஸ்பத்திரியில், கரடி எங்கே என்று கேட்டாள். வீடு முழுக்கத் தேடினேன். வெறுங்கையோடுதான் திரும்பிப் போனேன்."

மகாதேவி எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதைக் கட்டித் தருவீர்களா?" என்று அறுந்த கயிற்றைக் காட்டினார் லின்ட்னர்.

"நான் கட்டலாமா? முறை தெரியாதே."

"எனக்கும் தெரியாது. அம்புமுனையும் இறகும் கரடிக்கு வைத்த காணிக்கை என்று செதுக்கியவர் சொன்னார். அது கீழே கிடக்க வேண்டாம்."

பொத்தான் தைக்கிற மெழுகு நூலை எடுத்தாள். கரடியைத் திருப்பியபோது கால்களுக்கிடையில்கூட அரத்தின் கீறல் ஒன்றும் விரலில் படவில்லை. எவ்வளவு பொறுமையான கை! அம்புமுனை முன்பார்க்க, இறகு நசுங்காமல், மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தாள். ஜசிந்தா தானாகவே விளக்கைக் கிட்டப் பிடித்தாள்.

அடுத்த வாரம் கோட்டை எடுக்க மகளே வந்தாள். போட்டுப் பார்த்தாள், தோள் கச்சிதமாக நின்றது.

"இரண்டு வருடமாக அப்பா அம்மாவின் பெயரையே சொன்னதில்லை," என்றாள். "இப்போது சாப்பாட்டு மேசையில் வாய் ஓயவில்லை. அம்மா அந்தப் பாலைவனத்தில் செருப்பைத் தொலைத்த கதையை நேற்று மூன்றாம் தரம் சொன்னார். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை."

அவள் கோட்டைக் கழற்றாமலே தெருவில் இறங்கி டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். மகாதேவி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கு, அக்கா," என்றாள் ஜசிந்தா.

"ஓம்," என்றாள் மகாதேவி. "நல்லா இருக்கு."