ஒரு சாண் மரியாதை

அக்காவுக்குத் திறந்த வாய் மூடவில்லை. பஸ் வந்து நின்றுவிட்டது, கதவும் திறந்துவிட்டது. உள்ளிருந்து நீண்டு வரவேண்டிய சாய்வுப் பலகை மட்டும் நடைமேடையின் சுவரில் முட்டி, கறக்கென்று ஒரு சத்தம் போட்டுப் பாதியிலேயே நின்றது. பஸ்ஸின் தளம் கீழே. அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மேடை அதைவிட ஒரு சாண் மேலே.

கைதட்டக் கையைத் தூக்கியவர்கள் தூக்கினபடியே நின்றார்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், கண்ணுகளா. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு நகரம், அந்தக் கரையில் ஒரு நகரம். புகையும் இருமலும் இரண்டுக்கும் பொது. சேர்ந்தே இதற்கு ஒரு வழி பண்ணுவோம் என்று இரண்டு நகராட்சிகளும் கைகோத்தன. புகை விடாத மின்சார பஸ் அந்தக் கரையின் பொறுப்பு. நடைமேடை அவரவர் கரையில் அவரவர் கட்டிக்கொள்வது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் யாரையும் கெஞ்சாமல் ஏறி இறங்க வேண்டும் என்பது பேச்சு.

இந்தக் கரை மேடைகளுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. வேலையாட்கள் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. கூடப்பிறந்த தங்கை ஒருத்திதான், அவள் சக்கர நாற்காலியில். அந்தக் கரை ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தங்கைக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பழைய பஸ்ஸில் இரண்டு ஆள் தூக்கி ஏற்ற வேண்டும். "தினம் என்னை மூட்டையாட்டம் ஏத்தி இறக்கறதுக்கு நான் வீட்லயே கெடக்கறேன்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதல் முதலாக மாதிரி பஸ் வந்தபோது தளம் மேடையைவிட ஒரு சாண் உயரம். பலகை செங்குத்தாக நின்றது. தங்கை ஏறப்போய், உருண்டு பின்னாலேயே வந்தாள். இரண்டு கரை இன்ஜினியர்களுக்கும் முகம் செத்துப்போயிற்று.

"நீங்க சிரமப்படாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் இவர்.

"ஐயோ, அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் அவர்.

கைகுலுக்கிக் கலைந்தார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதே! இவர்கள் மேடையை உயர்த்தினார்கள்; மாதிரி பஸ் வந்த உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து வைத்துச் சரிபார்த்தார்கள். அவர்கள் பஸ்ஸைத் தாழ்த்தினார்கள். தங்கள் கரை மேடையிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே கச்சிதம், இங்கேயும் கச்சிதம். இன்றைக்குச் சனிக்கிழமை, இரண்டும் சந்தித்த இடத்தில் இந்தக் கோலம்.

"பஸ்ஸ ஏன் சார் இறக்குனீங்க?"

"உங்களுக்காகத்தான்! நீங்க ஏன் மேடைய ஏத்துனீங்க?"

"உங்களுக்காகத்தான் சார்!"

அக்கா குனிந்து மேடையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றி, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்து இறுக வைத்த கான்கிரீட். அதுவேயா தங்கையின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது?

"நல்லாருக்கு சார்" என்றாள் தங்கை. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து, என்னைய விட்டுட்டீங்க."

அந்தக் கரை இன்ஜினியர் நெற்றியைத் துடைத்தார். "தப்பு எங்களது. பஸ்ஸப் பழையபடி ஏத்திடறோம்."

"சேச்சே, தப்பு எங்களது சார். மேடைய நாங்க இறக்கிடறோம்."

முதல் திகைப்பு ஒன்றுமே இல்லை, கண்ணுகளா. இதைக் கேட்டபோதுதான் அக்காவுக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. கண்ணெதிரே, பலகை இன்னும் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போதே, அதே பேச்சு!

"ஐயா சாமிகளா!" தங்கை அலறினாள். "ரெண்டு பேரும் செஞ்சா நான் மறுபடி உருண்டுதான் வருவேன்! யாராச்சும் ஒருத்தர் மட்டும் பண்ணுங்கய்யா!"

அக்கா அந்தக் கரைக்காரர் முன்னால் போய் நின்றாள். "உங்க கரை மேடைக்கு இந்த உயரம்தான் சரி. பஸ்ஸத் தொட மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க சார்."

"தொட மாட்டோம்மா."

"நல்லா சத்தமா."

"தொடவே மாட்டோம்!"

"இரும்மா" என்றார் இந்தக் கரைக்காரர். "இடிக்கணும்னா கமிட்டி கூடணும், எழுத்துல உத்தரவு வரணும். மாசக்கணக்காகும்."

"ஏத்தச் சொன்னப்ப எந்தக் கமிட்டி சார் கூடுச்சு?"

அவர் மேடையைவிட்டு இறங்கி ஓரமாக ஒதுங்கினார்.

"அக்கா, பூசுன ஈரம்கூட சரியாக் காயலக்கா" என்று வேலையாட்கள் தயங்கினார்கள். அவள் கான்கிரீட் உடைக்கும் மெஷினைத் தானே தூக்கினாள். முதல் அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மூடவில்லை. மறுநாள் முழுக்க உடைத்து, சரிவு பார்த்து, மேலே கலவை போட நேரமில்லாமல் இரும்புத் தகடு பரப்பி இறுக்கினார்கள்.

திங்கட்கிழமை பஸ் சத்தமில்லாமல் வந்தது. பலகை நீண்டு தகட்டின்மேல் படுத்தது. தங்கை சக்கரத்தைத் தள்ளினாள், உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் நடக்காத காரியம் இவ்வளவு சின்னதா என்று அக்கா மலைத்து நின்றாள்.

ஜன்னலில் தங்கையின் தலை தெரிந்தது.

"ஏக்கா, டிரைவர் சொல்றாரு, அடுத்த ஸ்டாப்ல ஊன்றுகோல் வெச்சுகிட்டு ஒரு அம்மா நிக்குதாம். ஏற முடியாம ரெண்டு பஸ்ஸ விட்டுடுச்சாம்!"

அக்கா திடுக்கிட்டாள். அடுத்த மேடையும் அவள் உயர்த்தியதுதான். அதற்கடுத்ததும்.

"மெஷின வண்டியில ஏத்துங்கடா" என்றாள்.