பாதியில் நின்ற பதில்

"என்னங்க, இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்றாங்களே... ஒத்துக்கிட்டீங்களா, இல்லையா?"

மூன்றாவது நாளாக அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். போன் திரையில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவன் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே உறைந்து நின்றது. அழைப்பும் அறுந்தது. இனி அவன் தொழிற்சாலைக்குள் போய்விடுவான். அங்கே போனுக்கு அனுமதியில்லை. வழக்கம்போல ஒரு வரி வந்தது: "நாளைக்குப் பேசலாம்."

பதில் சொல்ல மனமில்லாதவனுக்கு நெட் ஒரு சாக்கா?

வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. கடவுச்சொல்லை மாற்றியாயிற்று. மொபைல் சிக்னலோ அந்த வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. வந்து பார்த்த நெட்காரர், "லைன் சுத்தமா இருக்கும்மா. கட்டாகிற நேரத்துல வீட்டுல வேற என்ன ஓடுதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. அவள் குரல் தாழ்ந்ததும் மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். 'ர்ர்ர்' என்று மைக்ரோவேவ் ஓவன் உறுமியது. கணவன் முகம் உறைந்தது.

போனும் கையுமாக ஓடினாள். ஓவனுக்குள் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. ஓவன் தலைமேல் வைஃபை பெட்டி. ஹாலில் அழகைக் கெடுக்கிறதென்று போன வாரம் அவளேதான் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"எதுக்கு அத்தை இது?"

"புருஷன் பொண்டாட்டி ரகசியம் பேசுறீங்க. இந்தச் சத்தத்துல என் காதுல எதுவும் விழாது பாரு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓவனை நிறுத்தினாள். முகம் அசைந்தது.

"ஹலோ? கேக்குதா? முடியாதுன்னு முதல் நாளே எழுதிக் கொடுத்துட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். ஏய், எதுக்கு அழுவுற?"

"ஒண்ணுமில்லீங்க. நெட் வந்துடுச்சு."

மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எனக்கு எதுவும் கேக்கல. எந்தத் தேதிக்கு வரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."