மாடி வீட்டு முறை

திருஇருதய ஆண்டவர் சொரூபம் ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும். ஞாயிறு மாலை ஜெபமாலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். கோயில் உபதேசியார் எழுதிக்கொடுத்த முறை அது. பத்து மாதம் காத்திருந்து மாடி வீட்டுக்காரிக்கு முறை வந்தது. வந்ததும் எப்பேர்ப்பட்ட வாரம்! புதன்கிழமை அவள் கணவனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். இன்று செவ்வாய். ஆண்டவரோ இன்னும் கீழ் வீட்டில், நாத்தனாரின் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிறன்று கேட்டதற்கு, "இன்னும் பூ மாத்தலை, நாளைக்கு வா" என்றாள் நாத்தனார். திங்களன்று, "ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கேன், பாதியில தூக்கக் கூடாது" என்றாள். என்னவோ ஆண்டவரைத் தாய்வீட்டுச் சீதனமாகக் கொண்டுவந்தவள் மாதிரி! மாடி வீட்டுக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். இப்போதே நாலரை. துண்டையும் மாத்திரைச் சீட்டையும் பையில் திணித்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கினாள்.

கதவைத் தட்டவில்லை. நேரே உள்ளே போய்ச் சொரூபத்தின் இடுப்பைப் பிடித்தாள்.

"கைய எடு!" நாத்தனார் பாய்ந்துவந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஜெபம் முடியலைன்னு சொன்னேன்ல?"

"மூணு நாளா முடியாத ஜெபம்! என் புருஷன் உயிருக்காகக் கேக்கறேன் அண்ணி. கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா?"

"உனக்குப் பதினஞ்சு வருஷமாத்தான் புருஷன். பொறந்த நாள்லேருந்து எனக்குத் தம்பி! யாருக்காக நான் பட்டினி கெடக்கேன்னு நெனச்சே?"

மாடி வீட்டுக்காரிக்குக் கோபம் இன்னும் ஏறியது. "அதை மேல வந்து வேண்டிக்கிட்டா அவருக்குக் காது கேக்காதா?"

"உங்க வீட்டு டிவி சத்தத்துலயா?"

இழுத்த இழுப்பில் இருவரும் சொரூபத்தோடு படிக்கட்டுவரை வந்துவிட்டார்கள்.

நடுப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். தனியாகப் படியிறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவைத்த மனுஷன்.

"ஐயோ, நீங்க எதுக்கு எறங்கினீங்க?"

"மூணு நாளா ரெண்டு பேரும் அவரையே சுத்திக்கிட்டு இருக்கீங்க." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எங்கிட்ட யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா? பயமா இருக்கு. அக்கா, நாளைக்கு நான் கண்ணு முழிக்கலைன்னா?"

நாத்தனாரின் பிடி தளர்ந்தது. அவள் முதல் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மாடி வீட்டுக்காரி சொரூபத்தைச் சுவரோரம் வைத்தாள். ஆண்டவரிடம் சொல்ல அவ்வளவு சேர்த்துவைத்திருந்தாள். இவனிடம் சொல்ல ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நகருங்க" என்றாள், எரிச்சல் போகாமலே. பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

"சொல்லுங்க. நான் எங்கயும் போகலை."