வார் ஆர்டர்

ஹாஃபிஸா பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் மகேஷ்குமாரின் குரல் பதிவு ஃபோனில் வந்து விழுந்தது. "ஆன்ட்டி, வார் ஆர்டர் வந்திருக்கு. ஆறடி. நல்ல வெயிட் தாங்கணும். டிராயிங் பின்னால அனுப்புறேன். வேற எதையும் கையில எடுக்காதீங்க."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. தாராவியில் அவள் பட்டறைக்குப் பெயரே வார்க்கடை. பள்ளிக்கூடப் பைக்கு வார், சூட்கேஸுக்கு வார், பெரிய வீட்டு நாய்க்கு வார். தோலோ நைலானோ, தோளில் மாட்டுவதும் இழுத்துக் கட்டுவதும் இங்கே எல்லோருக்கும் வார்தான். அவளிடம் வார் ஆர்டர் கொடுக்காமல் வடை ஆர்டரா கொடுப்பார்கள்?

மகேஷ்குமார் பக்கத்துச் சந்தில் வளர்ந்த பையன். இப்போது டிராம்பே பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறான். கிரேனோடு பட்டாளத்துக்குப் பீரங்கி வண்டியும் செய்யும் கம்பெனி அது. அங்கே வேலை பார்ப்பவர்களின் டூல் பைகளுக்கு வார் தைத்துக் கொடுப்பது ஹாஃபிஸாதான். எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து கம்பெனி வாசலில் ஒரு பிரம்மாண்டமான பேனர் தொங்குகிறது. பீரங்கி, அதன் மேல் கொடி, கீழே நாட்டுக்கு நாங்கள் துணை என்று இந்தியில் ஒரு வரி. அதே விளம்பரம் டிவியிலும் சண்டைச் செய்திகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது. பீரங்கிக்காரர்களுக்கும் டூல் பை வேண்டியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு, இருந்த நைலான் சுருள் மொத்தத்தையும் ஆறடி ஆறடியாக வெட்டிப் போடச் சொல்லிவிட்டாள்.

மதியம் டிராயிங் வந்தது. அதில் வாரே இல்லை. தண்ணீர் புகாத துணியில் ஆள் நீளத்துக்கு ஒரு பை. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஜிப். பக்கத்துக்கு மூன்றாகச் சின்னக் கைப்பிடிகள். ஹாஃபிஸா ஃபோனை எடுத்து, இது என்னடா தம்பி என்று கேட்டாள். அவன் குரல் இறங்கிவிட்டது.

"வார்னா சண்டை, ஆன்ட்டி. அந்த வார். திரும்பி வர்றவங்கள வச்சுக் கொண்டு வர்றதுக்கு."

பீரங்கி வண்டியோடு சேர்த்து இதையும் தயாராக வைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவாம். பேனரில் இந்தப் பையின் படத்தை யாரும் போடவில்லை. போட மாட்டார்கள்தான்.

அவசரக் குடுக்கை என்று ஹாஃபிஸா தன்னையே திட்டிக்கொண்டாள். வெட்டிப் போட்ட வார்கள் வீண். ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல. மூலை மிஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் சொரிமுத்துதான். அவருடைய மகன் வெயிலுமுத்து பட்டாளத்தில் இருக்கிறான், அதுவும் எல்லையில். சண்டை தொடங்கிய பிறகு அவனிடமிருந்து ஃபோன் இல்லை. சொரிமுத்து ஃபோனை மிஷின் பலகையிலேயே வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். இவர் கையால் இந்தப் பையைத் தைக்கச் சொல்வதா? வேறு ஆளைப் போடலாம் என்றால், தடித்த துணியில் அவரைப் போலத் தைக்க வேறு கையும் இல்லை. மெத்தை உறை, மிலிட்டரிக்கு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, இது மெத்த உறை இல்ல."

அவர் மிஷினை நிறுத்தவில்லை. "தெரியும்மா. மெத்தைய எங்கயாச்சும் ஆறு பேரு சேந்து தூக்குவாவளா?"

வீட்டுக்குப் போங்கள், இந்த ஆர்டர் முடிகிற வரைக்கும் வர வேண்டாம், சம்பளம் வந்து சேரும் என்றாள். அவர் நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நானே தைக்கேன். வேற எவனும் அவசரத்துல ஏனோதானோன்னு தச்சிரக் கூடாது. யாரு பிள்ளைக்குப் போவுதோ."

அப்புறம் சின்னக் கைப்பிடியைத் தூக்கிக் காட்டி, இதைப் பிடித்தால் கை தொங்கும், சிமெண்டு மூட்டை தூக்குவது போல இருக்கும் என்றார். ஹாஃபிஸாவுக்குச் சட்டென்று அவளுடைய வாப்பாவை அடக்கத்துக்குச் சுமந்து போன சந்தூக்கு நினைவுக்கு வந்தது. பெண்கள் கதவோரம் நின்று பார்க்கிறவர்கள்தான், தோள் கொடுக்கிறவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு மய்யித்தை யாரும் கையில் தொங்கவிட்டு எடுத்துப் போய் அவள் பார்த்ததில்லை. தோளில்தான் வாங்குவார்கள். கீழே கிடந்த ஆறடி வார் ஒன்றை எடுத்துப் பைக்கு அடியில் குறுக்கே ஓட்டினாள். இரண்டு பக்கமும் நீண்டு வந்த முனைகளை மடித்து வளையமாகப் பிடித்துக் காட்டினாள். சொரிமுத்து ஒரு முனையைத் தன் தோளில் மாட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு வாரை மிஷின் ஊசிக்கு அடியில் கொடுத்தார்.

முதல் தவணைப் பைகளைச் சோதிக்க மகேஷ்குமார் டேப்போடு வந்தபோது, ஒவ்வொரு பைக்கும் மூன்று வார்கள் அடியில் ஓடி, ஆறு முனைகள் வெளியே நின்றன. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். டிராயிங்கில் இது இல்லையே, கம்பெனியில் ஒரு நூலிழை மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு டூல் பை ஆர்டரும் வராது, தன் வேலைக்கும் ஆபத்து என்று இந்தியும் தமிழுமாகப் புலம்பினான். எல்லாவற்றையும் பிரித்துச் சின்னக் கைப்பிடி வைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினான். ஹாஃபிஸா அவன் பேசி முடிக்கும்வரை கேட்டாள்.

"பிரிக்க மாட்டேன் தம்பி. உங்க கம்பெனி பீரங்கிய எப்படி வேணா செய்யட்டும், அது எனக்குத் தெரியாத வேல. பிள்ளைகள மூட்டயாட்டம் தூக்கிட்டு வரச் சொன்னா, அத நான் தச்சுத் தர மாட்டேன். மொதல்ல தூக்கிப் பாரு, அப்புறம் ரிஜெக்ட் பண்ணு."

எடைச் சோதனை எப்படியும் செய்தாக வேண்டும். ஒரு ஆள் கனத்துக்கு மணல் மூட்டைகளை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்கள். பட்டறையில் தைக்கும் இஜாஸ், அப்துல் வாஹித், சைனப், கலைச்செல்வி, கூடவே ஹாஃபிஸா என்று ஆளுக்கொரு முனையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். ஆறாவது முனை சொரிமுத்துவுக்கு. அவர் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் தோள்வரை கொண்டு போகவில்லை. மெதுவாகக் கீழே விட்டுவிட்டுத் தன் மிஷினுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மகேஷ்குமார் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். வெயிலுமுத்துவும் அவனும் இதே சந்தில் ஒரே மட்டையை வைத்துக் கிரிக்கெட் ஆடியவர்கள். டேப்பைப் பாக்கெட்டில் போட்டான். குனிந்து அந்த முனையை எடுத்துத் தன் கம்பெனிச் சட்டைமேல் மாட்டிக்கொண்டான்.

பை எழுந்தது. சோதனை என்றால் நடந்தும் பார்க்க வேண்டும். பட்டறைக்குள் நடக்க இடமில்லாததால் சந்தில் இறங்கினார்கள். எதிரே பைக்கில் வந்தவன் வண்டியை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கினான். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மாவு மிஷின் நின்றது. எங்கிருந்தோ ஒரு பெரியவர், கையிலிருந்த காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி வேகமாக வந்தார். யார், என்ன என்று கேட்கவில்லை. சைனப்பின் தோளிலிருந்து வாரை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முணுமுணுப்பாக ஓதியபடி கூடவே நடந்தார். இது மணல் என்று சொல்ல ஹாஃபிஸா வாயெடுத்தாள். முன்னால் போன மகேஷ்குமார் திரும்பிப் பார்க்காமல் வாரைத் தோளில் ஏற்றிவிட்டு, அடியை இன்னும் மெதுவாக வைத்தான்.