வால் துண்டு

பதினெட்டுக் கிலோ மீனை ஒன்பது வீட்டுக்குப் பங்கு போட்டது நான்தான். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தேன்.

மீன் வந்ததே பதினொரு மணிக்கு. மற்றவர்கள் இராச் சாப்பாட்டுக்கென்று வைத்துவிட்டார்கள். எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை, மத்தியானமே பொரித்துவிட்டோம். மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் சோலைமலைக்கு வாந்தி. முகம் கழுவப் பீலித் தண்ணீரில் கை வைத்தவர், "கொதிக்குதுடீ!" என்று அலறினார். பொகவந்தலாவை மலையூற்றிலிருந்து ஐஸாக வந்து விழும் பீலித் தண்ணீர் எங்கேயாவது கொதிக்குமா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "என்ன மீன்?"

"பாரைன்னுதாங்க வித்தான்."

தலையை வியாபாரி ஹோட்டலுக்கென்று முன்பே வெட்டிவிட்டான். மலைக்கு வரும் மீனின் முகத்தை யார் கண்டது? உரித்துப் போட்ட தோலைக் குப்பையிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். டொக்டர் அதைப் போனில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தார்.

"பாரை வெள்ளியா மின்னும். இதுல பழுப்புப் புள்ளி. கலவாய், பவளப்பாறையில இருக்கிற மீன். இவ்வளவு பெருசுல சிலநேரம் விஷம் சேர்ந்திருக்கும், சமைச்சாலும் போகாது. அந்த விஷம் ஏறினா பச்சத் தண்ணியும் சுடும். இவர் பொழைச்சுக்குவார். மிச்சத்த யாரும் சாப்பிடக்கூடாது. நீங்க சாப்பிட்டீங்களா?"

என்னையும் பிடித்துப் படுக்க வைத்துவிட்டால் மற்ற வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது? "இல்லைங்க" என்றேன்.

ஏழு வீட்டுச் சட்டியையும் கொட்ட வைத்தாயிற்று. எட்டாவது, சீதாலெட்சுமி அக்கா வீடு. வேண்டுமென்றேதான் கடைசியாக வைத்திருந்தேன். கொழும்பில் பதினொரு வருஷம் வீட்டு வேலை பார்த்தவர். பங்கு போடும்போதே, "இது பாரை இல்ல தர்ஷிகா, கலவாய்" என்றார். "கொழும்பு நோனா சொல்லிட்டாங்க!" என்று சீமாட்டிப் பட்டம் கட்டி எல்லார் முன்னாலும் நான் மூக்கை உடைத்து, வால் துண்டைக் கொடுத்து அனுப்பினேன். அந்த வெட்கத்தில், ஓர் உயிரையல்லவா கடைசியில் தள்ளியிருக்கிறேன்?

கதவைத் தள்ளினேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடாதீங்கக்கா! நீங்க சொன்னதுதான் சரி. கலவாய்தான், விஷமாம்."

திட்டட்டும் என்று நின்றேன். அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அது கெடக்கட்டும். நீ தின்னியா?"

ஏழு வீட்டில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. இவரிடம் எனக்குப் பொய் வரவில்லை.

"தின்னேன்க்கா. வயித்துப் பக்கம், நல்ல துண்டா."

உதடு மரத்ததை ஓடிய களைப்பு என்று நினைத்திருந்தேன். அக்கா வாளியிலிருந்து செம்பில் பச்சைத் தண்ணீர் மொண்டு நீட்டினார். வாங்கினேன். கை சுட்டது.